ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரை முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு

1980களின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளை இறக்கி, நிறுவி, ஆவலோடு திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அடியில் 1982 என்ற ஆண்டோடு சின்க்ளேர் ரிசர்ச்சின் பதிப்புரிமை வரி ஒன்று. அவ்வளவுதான். மெனு இல்லை, ஐகான் இல்லை, கர்சர்கூட இல்லை. சரி, ஏதாவது எழுதிப் பார்ப்போம் என்று பிரின்ட் கட்டளையின் முதல் எழுத்தான பி-யைத் தட்டினால் முழுச் சொல்லும் தானாகவே வந்து விழுகிறது. மிச்ச எழுத்துகளையும் விடாமல் தட்டி என்டர் கொடுத்தால் 'வேரியபிள் நாட் ஃபவுண்ட்' என்று திட்டுகிறது. இந்த இடத்திலேயே பலர் இது ஏதோ கெட்டுப்போன பதிப்பு என்று மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் அதை அழித்துவிட்டு வேறொரு எமுலேட்டரை இறக்கினேன். அதுவும் அட்சரம் பிசகாமல் அதையேதான் செய்தது.

எதுவும் கெடவில்லை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அப்படித்தான் இருந்தது. அதில் உங்களுக்கு விசித்திரமாகப் படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, பெரும்பாலும் பணக் கணக்கு. எமுலேட்டர் அந்தக் கணக்கையும் சேர்த்தே நகலெடுக்கிறது என்பதால், கொஞ்சம் வரலாறு தெரியாமல் இதைப் பழகுவது வீண் எரிச்சல். ஆகவே முதலில் கதை, அப்புறம் வேலை.

கதை, சுருக்கமாக

1980-ல் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இசட்எக்ஸ் 80 என்ற குட்டிக் கணினியை விற்றது. உதிரிகளாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 79.95 பவுண்டு. அதில் இருந்த ராம் (வேலை நினைவகம்) 1 கிலோபைட், ரோம் (அழியாமல் பதிந்திருக்கும் நிரந்தர நினைவகம்) 4 கிலோபைட். அடுத்த ஆண்டு இசட்எக்ஸ் 81 வந்தது. இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டும் ஊமை. 1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகமான ஸ்பெக்ட்ரத்தில்தான் வண்ணமும் ஒலியும் வந்தன. 16 கிலோபைட் ராம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. பிரிட்டனில் அன்றைய போட்டியாளரான பிபிசி மைக்ரோவின் பி மாடல் 399 பவுண்டுக்கு விற்றது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஸ்பெக்ட்ரத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஏன் யாரோ ஒருவர் கத்தரிக்கோலோடு நின்றிருக்கிறார் என்பது புரியும்.

வன்பொருளை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். பேசிக் என்ற நிரல் மொழியை ரோமுக்குள் எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். வானவில் பட்டை ஓடும் அந்தக் கறுப்புப் பெட்டியையும், அழுத்தினால் அழிரப்பரைக் கிள்ளுவதுபோல் இருக்கும் விசைகளையும் வரைந்தவர் ரிக் டிக்கின்சன். மூளை 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட் 80 செயலி. பல தனித்தனிச் சில்லுகள் செய்ய வேண்டிய திரை, கேசட், கீபோர்டு, ஒலி வேலைகளையெல்லாம் ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த யூஎல்ஏ என்ற ஒற்றைச் சில்லின் தலையில் கட்டிவிட்டார்கள். விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான். பின்னால் சொல்லப்போகும் பாதித் தொல்லைகளுக்கும் இதுவே காரணம்.

1986-ல் சின்க்ளேர் தன் கணினித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதற்குச் சற்று முன் 128 கிலோபைட் மாடல் வந்திருந்தது. ஆம்ஸ்ட்ராட் காலத்தில் கேசட் ரெக்கார்டரை உடம்பிலேயே பொருத்திய பிளஸ் 2, 3 அங்குல டிஸ்க் கொண்ட பிளஸ் 3 ஆகியவை வந்தன. 1992-ல் உற்பத்தி நின்றது. கிழக்கு ஐரோப்பாவில் மட்டும் நிற்கவில்லை. அங்கே பென்டகன், ஸ்கார்ப்பியன், டிடாக்டிக் என்று நகல்கள் தனிக் குடும்பமாகவே வளர்ந்தன. எமுலேட்டரின் மாடல் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் இப்போதைக்குத் தொடாமல் விடுங்கள்.

எதை நிறுவுவது

என் பரிந்துரை ஃபியூஸ். ஃபிலிப் கெண்டல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், துல்லியமும் நன்றாக இருக்கும். விண்டோஸ் மட்டும் போதும், அழகான சாளரமும் வேண்டும் என்றால் ஸ்பெக்டாகுலேட்டர் இருக்கிறது. இசருக்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் இல்லாத வசதியே கிடையாது, அதனாலேயே புதியவர் அதில் தொலைந்துபோவார்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொகுப்புப் பட்டியலில் ஃபியூஸ் என்று மட்டும் தேடினால் கோப்பு முறைமை சம்பந்தப்பட்ட, இதோடு எந்த உறவும் இல்லாத வேறொரு ஃபியூஸ்தான் முதலில் வரும். பெயரோடு எமுலேட்டர் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். சில லினக்ஸ் வகைகளில் ரோமின் நகலான கோப்புகள் தனித் தொகுப்பாக இருக்கும். ரோம் கிடைக்கவில்லை என்று அடம்பிடித்தால் அதையும் நிறுவ வேண்டும். ரோம் என்றதும் திருட்டுச் சரக்கோ என்று பயப்பட வேண்டாம், 1999-ல் ஆம்ஸ்ட்ராட் தன் வசமிருந்த ஸ்பெக்ட்ரம் ரோம்களை எமுலேட்டர்களோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று அனுமதி தந்துவிட்டது. பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, பகிர்வதற்கு மட்டும் தடையில்லை. விளையாட்டுகளின் கதை வேறு. பகிரலாம் என்று ஒப்புக்கொண்ட உரிமையாளர்கள் நிறையப் பேர், கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து எடுங்கள். இன்றும் புதிது புதிதாக ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் எழுதுகிறார்கள், அவற்றில் பல இலவசம்.

நிறுவியதும் மாடலை 48 கிலோபைட்டுக்கு வையுங்கள். ஃபியூஸில் எஃப் 9 தட்டினால் பட்டியல் வரும். பெரியது நல்லது என்று 128-க்குப் போகாதீர்கள். பழைய விளையாட்டுகளில் சில அதில் முரண்டு பிடிக்கும். 128-க்கென்றே எழுதப்பட்ட, ஏஒய் இசைச் சில்லைப் பயன்படுத்தும் விளையாட்டுகளுக்கு மட்டும் மாறிக்கொள்ளலாம்.

கீபோர்டு, அதாவது முதல் தலைவலி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் இருப்பது 40 விசைகள், கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. வரியின் தொடக்கத்தில் கே என்ற எழுத்து மின்னிக்கொண்டிருக்கும். கணினி கட்டளையை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் எந்த எழுத்து விசையைத் தட்டினாலும் ஒரு முழுக் கட்டளை விழும். பி என்றால் பிரின்ட், ஆர் என்றால் ரன், ஜே என்றால் லோட். கட்டளை விழுந்ததும் கே மாறி எல் ஆகிவிடும், அதற்குப் பிறகு தட்டுபவை சாதாரண எழுத்துகள். ஆரம்பத்தில் நாம் வாங்கிய திட்டு இதனால்தான்: பி தட்டியதும் பிரின்ட் விழுந்துவிட்டது, மிச்சமாக அடித்த நான்கு எழுத்துகளை ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லையே என்று அது கேட்டது. நியாயமான கேள்விதான்.

ஏன் இப்படி? இசட்எக்ஸ் 80 காலத்து 4 கிலோபைட் ரோமில், ஒருவர் அடித்ததை எழுத்தெழுத்தாக அலசி இது எந்தக் கட்டளை என்று கண்டுபிடிக்கும் நிரலுக்கு இடம் ஒதுக்குவதைவிட, அந்த வேலையை விரலிடமே கொடுத்துவிடுவது மலிவு. கட்டளை ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டாக உட்காரும். அந்தப் பழக்கத்தை ஸ்பெக்ட்ரமும் சுமந்தது, ஆனால் அதற்குள் கட்டளைகள் பெருகி ஒரு விசைக்கு ஐந்தாறு வேலை என்று ஆகிவிட்டது.

இரண்டு ஷிஃப்ட்கள் உண்டு. கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட். ஃபியூஸில் உங்கள் கீபோர்டின் ஷிஃப்ட் விசை கேப்ஸ் ஷிஃப்டாகவும், கன்ட்ரோல் அல்லது ஆல்ட் விசை சிம்பல் ஷிஃப்டாகவும் நடிக்கும். மேற்கோள் குறி வேண்டுமென்றால் சிம்பல் ஷிஃப்டோடு பி. உங்கள் கீபோர்டில் மேற்கோள் குறி எங்கே அச்சாகியிருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். உதவி மெனுவில் ஸ்பெக்ட்ரம் கீபோர்டின் படம் இருக்கும், முதல் வாரம் அதைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கை பழக ஒரு சின்ன நிரல். 10 என்று எண்ணை அடித்து எஃப் தட்டுங்கள், ஃபார் விழும். அப்புறம் ஐ என்ற ஆங்கில எழுத்து, சமக்குறி (சிம்பல் ஷிஃப்டோடு எல்), பூஜ்யம், அதன்பின் டூ என்ற சொல். இதையும் இரண்டு எழுத்தாக அடிக்கக் கூடாது, சிம்பல் ஷிஃப்டோடு எஃப் தட்டினால் முழுதாக வரும். பிறகு 7, என்டர். அடுத்து 20, பி... இல்லை, பி என்றால் இரண்டு இருக்கிறதே. பிரின்டுக்கு வரும் பி அல்ல, பாம்பேயில் வரும் பி. கீபோர்டில் வி-க்கும் என்-க்கும் நடுவில் இருப்பது. அதைத் தட்டினால் பார்டர் விழும், பக்கத்தில் ஐ, என்டர். 30, எம் தட்டினால் பாஸ், பக்கத்தில் 10. 40, என் தட்டினால் நெக்ஸ்ட், பக்கத்தில் ஐ. 50, ஜி தட்டினால் கோ டூ, பக்கத்தில் 10. கடைசியில் வெறுமனே ஆர் தட்டி என்டர்.

திரையைச் சுற்றியுள்ள ஓரம் கறுப்பில் தொடங்கி நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, சயான், மஞ்சள், வெள்ளை என்று ஓடும். ஒவ்வொரு நிறமும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கும், ஏனென்றால் பாஸுக்குக் கொடுக்கும் எண் திரைச் சட்டங்களின் (ஃபிரேம்களின்) கணக்கு, விநாடிக்கு 50. நிறுத்த கேப்ஸ் ஷிஃப்டோடு ஸ்பேஸ். இவ்வளவும் செய்துவிட்டீர்கள் என்றால் கீபோர்டின் பயம் போய்விட்டது.

இது நமக்குச் சரிப்படாது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 128 மாடலின் பேசிக்கில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகவே அடிக்கலாம்.

டேப்

ஸ்பெக்ட்ரத்தில் ஏறத்தாழ எல்லாமே கேசட்டில் இருந்துதான் வரும். ஃபியூஸில் எஃப் 3 தட்டி டேப் கோப்பைத் திறந்தால், வழக்கமான அமைப்பில் அதுவே லோட் கட்டளையைக் கொடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் விளையாட்டை ஏற்றிவிடும். வசதிதான். ஆனால் ஒரு முறையாவது நிஜமான வேகத்தில் ஏற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆப்ஷன்ஸில் தானாக ஏற்றுவது, டேப் ட்ராப்ஸ், ஃபாஸ்ட்லோடிங், லோடர்களை (டேப்பிலிருந்து ஏற்றும் நிரல்களை) வேகப்படுத்துவது ஆகியவற்றை அணைத்துவிட்டு, கே மின்னும்போது ஜே தட்டி, சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பி-யை இரண்டு தடவை தட்டி, என்டர் கொடுத்துவிட்டு எஃப் 8 அழுத்துங்கள்; டேப் ஓடத் தொடங்கும்.

ஓரத்தில் முதலில் சிவப்பும் சயானும் தடித்த பட்டைகளாக நகரும், கூடவே ஒரே சுருதியில் ஒரு ஓலம். வேகத்தைப் பிடித்துக்கொள்ளக் கணினிக்குக் கொடுக்கும் முன்னோட்டம் அது. பிறகு நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகத் துடிக்க ஆரம்பித்தால் தரவு வருகிறது என்று பொருள். பூஜ்யத்துக்குக் குட்டை அலை, ஒன்றுக்கு அதைப்போல் இரு மடங்கு நீள அலை, அவ்வளவுதான் சங்கதி. விநாடிக்கு ஏறத்தாழ 1500 பிட் என்ற கணக்கில் 48 கிலோபைட்டும் நிறைய நாலரை நிமிடம் ஆகும். நாலாவது நிமிடத்தில் டேப் லோடிங் எரர் என்று வந்தால் முதலில் இருந்து மறுபடியும். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இடையில் முகப்புப் படம் ஒன்று வரையப்படும், அதைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரை மூன்று பட்டையாகப் பிரிந்து, ஒவ்வொரு பட்டையிலும் எட்டெட்டுக் கோடு தாண்டித் தாண்டி நிரம்பும். படம் முழுவதும் நிறமில்லாமல் முடிந்த பிறகு, கடைசி ஒரு சில விநாடிகளில் நிறம் மேலிருந்து கீழாகச் சரசரவென்று இறங்கும். நினைவகத்தில் திரை அடுக்கப்பட்டிருக்கும் வரிசை அப்படியே கண்முன் தெரிகிறது.

கோப்பு வகைகளைப் பற்றி. டிஏபி என்று முடிவது டேப்பில் உள்ள பைட்டுகளை மட்டும் வைத்திருக்கும், எளிமையானது. டிஇசட்எக்ஸ் என்று முடிவது அலைகளின் நீளத்தையே பதிந்து வைத்திருக்கும். நகலெடுப்பதைத் தடுக்கத் தனியாக லோடர் எழுதிய விளையாட்டுகளுக்கு இதுதான் வேண்டும். எஸ்என்ஏ, இசட்80 என்று முடிபவை டேப் அல்ல, ஸ்னாப்ஷாட்கள், ஒரு கணத்தில் கணினியின் நினைவகம் எப்படி இருந்ததோ அதன் படம். இரண்டும் கிடைத்தால் டிஇசட்எக்ஸை எடுங்கள். ஸ்னாப்ஷாட்டை யார், எந்தக் கட்டத்தில், என்ன மாற்றிவிட்டு எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. டேப் கோப்பு ஏற மறுத்தால் கோப்பைக் குறை சொல்வதற்கு முன் மாடலை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும்.

நிறம் வழிகிறதே என்றால்

விளையாட்டில் ஒரு மஞ்சள் உருவம் பச்சைச் செடியைத் தாண்டும்போது செடியும் மஞ்சளாகும். எமுலேட்டரின் வீடியோ அமைப்பைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம், இதுவும் அசல்தான்.

கணக்கு இப்படி. திரை 256-க்கு 192 புள்ளிகள். புள்ளி எரிகிறதா இல்லையா என்று மட்டும் வைத்துக்கொண்டால் 6144 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் வேண்டும், அதற்கு நாலு பிட் என்றால் 24576 பைட். மலிவு மாடலில் இருந்ததே 16384 பைட்தான்! ஆகவே திரையை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு பைட் என்று 768 பைட்டில் நிறத்தை முடித்துவிட்டார்கள். அந்த ஒரு பைட்டில் எழுத்து நிறத்துக்கு மூன்று பிட், பின்னணி நிறத்துக்கு மூன்று, பளிச்சென்று தெரிய ஒன்று, மின்ன ஒன்று. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் வழியே இல்லை. மொத்தத் திரையும் 6912 பைட்டில் அடங்கிவிட்டது. எட்டு நிறமும் அவற்றின் பளிச் வடிவமும் சேர்ந்தால் பதினாறு வர வேண்டும், ஆனால் கறுப்பு பளிச்சென்றாலும் கறுப்புதான் என்பதால் பதினைந்து.

நல்ல நிரலாளர்கள் இதற்குள்ளேயே வழி கண்டுபிடித்தார்கள். ஒரு அறை முழுக்க ஒரே நிறத்தில் வரைந்துவிட்டால் வழிவதற்கு எதுவும் இல்லையே. ஒற்றை நிறத்தில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் விளையாட்டைப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு வரும் சில்லறைத் தொல்லைகள்

நாயகன் தானாக ஒரு பக்கமாகவே நடந்துகொண்டிருந்தால், விளையாட்டு கெம்ப்ஸ்டன் என்ற வகை ஜாய்ஸ்டிக்கைத் தேடுகிறது, நீங்கள் அதை இணைக்கவில்லை. ஆப்ஷன்ஸில் கெம்ப்ஸ்டன் இடைமுகத்தை இயக்குங்கள், அல்லது விளையாட்டின் மெனுவில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டு என்றால் பெரும்பாலும் க்யூ மேலே, ஏ கீழே, ஓ இடது, பி வலது. அம்புக்குறி விசைகளைவிட இது கைக்கு வசதி என்பது ஒரு மணி நேரம் ஆடினால் தெரியும்.

1982, 83-ல் வந்த சில விளையாட்டுகள் எந்த விசையைத் தட்டினாலும் கண்டுகொள்ளாது. ஸ்பெக்ட்ரத்தின் சர்க்யூட் பலகை பதிப்புக்குப் பதிப்பு மாறியது. கீபோர்டைப் படிக்கும்போது கூடவே வரும் ஒரு பிட் பழைய பலகையில் ஒரு மாதிரியும் புதியதில் வேறு மாதிரியும் இருந்தது, கவனக்குறைவாக எழுதிய நிரல்கள் அதில் மாட்டிக்கொண்டன. ஃபியூஸில் இஷ்யூ 2 கீபோர்டு என்றொரு தேர்வு இருக்கிறதே, அது இதற்காகத்தான்.

படம் நகரும்போது லேசாக உதறினால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஸ்பெக்ட்ரம் விநாடிக்கு 50 சட்டம் போடும் இயந்திரம், இரண்டும் ஒத்துப்போகாது. மானிட்டருக்கு 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த வழவழப்பை ஒருமுறை பார்த்தால் திரும்ப மனசு வராது.

விளையாட்டின் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் எஃப் 2 தட்டி ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். மறுநாள் எஃப் 3-ல் அதே இடத்திலிருந்து தொடரலாம். அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இடையில் சேமிக்கும் வசதியே கிடையாது, மூன்று உயிர் போனால் மறுபடி முதல் கட்டம். அதனால்தான் போக் என்ற பேசிக் கட்டளை பள்ளிப் பிள்ளைகள் மத்தியில் அவ்வளவு பிரபலமாக இருந்தது: நினைவகத்தில் சரியான இடத்தில் ஒரு எண்ணை மாற்றினால் உயிர் குறைவதே நின்றுவிடும். அப்போது அதற்கு லோடரை நிறுத்தி, நடுவில் வரி சேர்த்து என்று பெரிய பாடு. இப்போது ஃபியூஸின் மெஷின் மெனுவில் நினைவகத்தை மாற்றும் பெட்டி ஒன்று இருக்கிறது. மானிக் மைனர் என்ற விளையாட்டை ஏற்றி, 35136 என்ற முகவரியில் 0 போட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். இருபது குகைகள் இருக்கின்றன, எனக்கு நேர்வழியில் ஏழாவதைத் தாண்ட முடிந்ததில்லை.